ஒட்டுப்பலகை விமானத்தின் மாவீரர்

ஆகாயப் போர் வரலாற்றில், தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல் எதிரியின் விமானப் படையைப் பூண்டோடு அழித்த மாவீரர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். தெருவில் எல்லோரும் அவரைக் "கமாண்டர்" என்றார்கள். மனைவி மட்டும் "என்னங்க" என்றார். வீரத்தைச் செருப்போடு வாசலிலேயே கழற்றிவிட்டு வர வேண்டும் என்பது அந்த அம்மாளின் சட்டம்.

வீரம் விளைந்த விதம் இது. வாலிபத்தில் அவர் நாடகங்களில் சேவகன் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டுக் கம்பெனி அவரைக் கமாண்டர் வேஷத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. அப்போது பாதி சினிமா, பாதி விளையாட்டு என்று ஒரு புதுமை வந்திருந்தது. நாலு சிடிகளை மாற்றி மாற்றிப் போட்டால் நிஜ மனிதர்கள் நடித்த படம் ஓடும், உச்சகட்டத்தில் நின்று "இடதா, வலதா?" என்று கேட்கும். சரியான பொத்தானை அழுத்தினால் எதிரி விமானம் வெடிக்கும். தப்பாக அழுத்தினால் நம் விமானம் வெடிக்கும், உடனே கமாண்டரின் முகம் திரை முழுக்க வந்து, "தேசம் உன்னை நம்பியிருந்ததே, வீரனே!" என்று கண்கலங்கும். ஒழுங்காக விளையாடத் தெரிந்தவர்கள் குறைவு. ஆகவே அந்த முகம் புகழ் பெற்றது.

விமானம் ஒட்டுப்பலகையில் செய்தது. பின்னாலிருந்து இரண்டு தச்சர்கள் கழியைக் கொடுத்து ஆட்டினார்கள். மேகத்துக்குப் பஞ்சு, புயலுக்கு மேசை விசிறி. அந்த ஆட்டத்துக்கே நம் மாவீரர் வாந்தி எடுத்தார். "போரின் கொடுமையை முகத்திலேயே காட்டிட்டீங்க!" என்று இயக்குநர் கட்டிப்பிடிக்க வந்து, சட்டையைப் பார்த்துவிட்டுப் பாதி வழியில் நின்றுகொண்டார்.

விமானம் பறக்காவிட்டாலும் கம்பெனி இருந்த இடம் தெரியாமல் பறந்துவிட்டது. கமாண்டர் கண்ணாடிக் கடைக்கு வந்து சேர்ந்தார்.

பல வருடங்கள் கழித்து ஒரு நாள், கண்ணாடி மாற்ற வந்த டிவி விவாதத் தொகுப்பாளர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"சார்... நீங்கதானே 'தேசம் உன்னை நம்பியிருந்ததே'? சின்ன வயசுல உங்ககிட்ட எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கேன்!"

கமாண்டருக்கு உள்ளம் குளிர்ந்துபோயிற்று. இத்தனை காலத்தில், அவர் சொல்லாமலே அவரை அடையாளம் கண்டுகொண்ட முதல் ரசிகர்.

"நாளைக்கு எங்க விவாதத்துக்கு வாங்க சார். எல்லையில பதற்றம். பேசறதுக்கு ஒரு போர் விமானி வேணும்."

"தம்பி, நான் வெறும் நடிகன்பா."

"எங்க விவாதத்துக்கு வர்ற எல்லாரும் நடிக்கறவங்கதான் சார். முறையாக் கத்துக்கிட்டு நடிச்சவர் நீங்க ஒருத்தர்தான்."

இதைவிடப் பெரிய தகுதிச் சான்று எந்தப் பல்கலைக்கழகம் தரும்?

வீட்டில் மனைவி கேட்டார்: "பரண்ல ஏறிப் பெட்டிய எடுங்கன்னா தலை சுத்துதும்பீங்க. நீங்க போய்ப் போரைப் பத்திப் பேசப் போறீங்களா?"

"கருத்துதானே சொல்லப் போறேன். அதுக்கெல்லாம் தலை சுத்தாது."

"உங்களுக்குச் சுத்தாது. கேக்கறவங்களுக்கு?"

ஒப்பனை அறையில் பக்கத்து நாற்காலியில் ஒல்லியாக, கணக்கு வாத்தியார் போல ஒருவர் உட்கார்ந்திருந்தார். அசல் போர் விமானி, ஓய்வு பெற்றவர்.

"நீங்க எந்தப் படைப்பிரிவு?" என்று அவர் மரியாதையாகக் கேட்டார்.

கமாண்டர் சொன்னார்: "நான்... நாலு சிடி."

அசல் விமானி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "என்கூடக் கிளம்பின ரெண்டு பேர் திரும்பி வரலைங்க. அவங்க அம்மாக்கள்கிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். இன்னிக்கு அதைத்தான் பேசணும்னு வந்திருக்கேன்."

விவாதம் தொடங்கியது. "போர்னா என்னன்னா..." என்று அசல் விமானி வாயைத் திறந்தார்.

"ஒரு சிறிய இடைவேளை!" என்றார் தொகுப்பாளர்.

இடைவேளை முடிந்தபோது அந்த நாற்காலி காலி. "அவருக்குக் குரல்ல கம்பீரம் பத்தல சார்" என்று கமாண்டரின் காதில் கிசுகிசுத்துவிட்டு, தொகுப்பாளர் கேமராவைப் பார்த்து முழங்கினார்: "கமாண்டர்! தேசம் கேட்கிறது! அடிக்கலாமா, அல்லது உடனே அடிக்கலாமா?"

கமாண்டர் காலி நாற்காலியைப் பார்த்தார். கூச்சத்தில் காது சுட்டது. எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. விளையாட்டில் காட்டிய வீரம் யாரோ எழுதிக் கொடுத்தது; இது அப்படியல்ல.

"தம்பி, நான் விமானமே ஓட்டினதில்ல. அது வெறும் ஒட்டுப்பலகை. ரெண்டு தச்சருங்க பின்னாடி நின்னு ஆட்டினாங்க. அதுக்கே வாந்தி எடுத்தேன். போரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரிஞ்சவரை வெளியே அனுப்பிட்டீங்க. அவரைக் கூப்பிடுங்க."

தொகுப்பாளரின் கண்கள் பனித்தன.

"கேட்டீர்களா மக்களே! ஒட்டுப்பலகை விமானம்! உலோகமே இல்லை, ரேடாரில் சிக்காது! இத்தனை ஆண்டு இந்த ராணுவ ரகசியத்தைக் காத்த மாமனிதர், 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்கிறார். என்ன அடக்கம்!"

விடிவதற்குள் "தச்சர்கள்" என்பது ரகசிய விஞ்ஞானிகளின் சங்கேதப் பெயர் என்று நிபுணர்கள் நிறுவினார்கள். வாந்தி, வானத்தின் விசையை எதிர்த்து நின்ற உடலுக்கு மருத்துவச் சான்று ஆயிற்று.

"உண்மையைத்தானே சொன்னீங்க?" என்றார் மனைவி.

"ஆமா."

"அதான் ஒருத்தரும் நம்பல. பொய் சொல்லியிருந்தா சந்தேகமாவது பட்டிருப்பாங்க."

அடுத்த வாரமே, ஒட்டுப்பலகையில் போர் விமானங்கள் செய்ய "உயர்மட்ட ஒட்டுப்பலகைக் குழு" அமைந்தது. வேண்டாம் என்று கமாண்டர் சொல்லச் சொல்ல அவருடைய அடக்கம் ஏறிக்கொண்டே போனதால், வாயை மூடிக்கொண்டு போய் உட்கார்ந்தார். நீள மேசை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். தலைமையில் உயரதிகாரி, வலப்பக்கம் ஒரு பலகை வியாபாரி, இடப்பக்கம் மக்கள் பிரதிநிதியாகத் தொகுப்பாளர். விமானத்துக்கு என்ன நிறம், ரிப்பன் வெட்டுவது யார், ரிப்பனுக்கு என்ன நிறம் எல்லாம் ஒருமனதாக முடிவாயிற்று.

கமாண்டர் கையைத் தூக்கினார். "இதுல யாருங்க உட்காரப் போறா?"

"அருமையான கேள்வி" என்றார் உயரதிகாரி. "இளைஞர்கள் அலை அலையா வருவாங்க."

"உங்க பையன் இளைஞர்தானே?"

"அவனுக்குத் தூசி ஒத்துக்காது."

"வானத்துல ஏதுங்க தூசி?"

"மேகம் இருக்கே!"

பலகை வியாபாரியின் மகன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன். தொகுப்பாளரின் மகன் வெளிநாட்டில் இருந்தான். தேசபக்தி பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான்.

கமாண்டர் எழுந்தார். "உங்க எல்லாருக்குமே கிட்டப்பார்வைங்க. சொந்தப் பிள்ளை பளிச்சுனு தெரியுது; தூரத்துல நிக்கற பிள்ளைங்கதான் தெரிய மாட்டேங்குது. கடைக்கு வாங்க, கண்ணாடி போட்டுத் தர்றேன்."

சொல்லிவிட்டு அவர் கடைக்குக்கூடப் போகவில்லை. இடைவேளையில் அறுந்துபோன பேச்சின் மீதியைக் கேட்க, நேராக அசல் விமானியின் வீட்டுக்குப் போனார்.

அவர் போனதும் கூட்டம் தடங்கலின்றி நடந்தது. நம் முன்னோர் எவ்வளவு பெரிய அறிவாளிகள்! அவர்கள் விட்டுச்சென்ற பழமொழியில் ஒரே ஒரு சிறு திருத்தம் செய்து, குழு அதைத் திட்டத்தின் முழக்கமாக ஏற்றுக்கொண்டது:

"ஊரார் பிள்ளையை ஏற்றி அனுப்பினால், தன் பிள்ளை தானே வளரும்."