அடிக்குறிப்பு இல்லாமல் காலைத் தூக்காதவர்

ஆதாரம் கிடைத்த பிறகுதான் காலைத் தூக்குவேன் என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். முழு வளர்ச்சி பெற்ற ஒருவர் எங்கள் வீட்டு மாடியிலேயே குடியிருக்கிறார். அச்சகத்தில் முப்பத்தொரு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். வீட்டில் அவருக்கு ‘ஆதாரம்’ என்றே பெயர்.

போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது. பிசியோதெரபி டாக்டரம்மா ஒரு காலில் நிற்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று விநாடி.

“மறுபடி விழுந்தா இடுப்பு போயிடும் சார். தாய்ச்சி பழகுங்க. மூணு மாசத்துல பத்து விநாடி நிக்கணும், இல்லேன்னா வாக்கர்தான்.”

மெல்ல மெல்லக் கைகாலை அசைக்கும் அந்தச் சீனப் பயிற்சிக்கு இரண்டு தெரு தள்ளி வகுப்பே நடக்கிறது. பத்துப் பேரோடு நின்று கையாட்டுவதா? பிறகு புத்தகம் எதற்கு இருக்கிறது?

முதலில் வந்தது பக்கத்துக்கு ஒரு படம் போட்ட ஒல்லிப் புத்தகம். அடிக்குறிப்பு இல்லை என்று அதைத் தள்ளிவிட்டார். அவர் மனைவி எடுத்துச் சமையலறை மேடையில் சாய்த்து வைத்துக்கொண்டார். அடுத்து, பின்னிணைப்பு மட்டுமே இருநூறு பக்கம் வரும் பல்கலைக்கழகப் பதிப்பு ஒன்றும், அதை மறுத்து இன்னொரு பேராசிரியர் எழுதியதும், இருவருக்குமே பழைய சீனம் தெரியாது என்று நிறுவிய மூன்றாமவருடையதும், பயிற்சிக்காக சோபாவை நகர்த்தி ஒழித்து வைத்திருந்த கூடத்தின் நடுவிலேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்தன.

சிக்கல் அங்கேதான். பின்காலில் எடை நூற்றுக்கு அறுபது பங்கு என்றது ஒரு நூல். எழுபது என்றது மற்றது.

“இன்னைக்காவது ஆரம்பிங்களேன்” என்றார் மனைவி.

“அறுபதா எழுபதான்னு தெரியாம எப்படிம்மா நிக்கிறது?”

“நின்னு பாத்தா தெரிஞ்சிடாதா?”

“அது ஆதாரமாகாது.”

பதிப்பகத்துக்குப் பதினொரு பக்கக் கடிதம் போனது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் கண்டுபிடித்த பிழைகளைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

மூன்று மாதம் முடிந்தது.

“நில்லுங்க சார்.”

“எந்த மரபுப்படி?”

இரண்டு விநாடி. சாய்ந்தவரை மனைவி தாங்கிப் பிடித்தார். மனைவியின் உடம்பு இம்மியும் ஆடவில்லை. டாக்டரம்மா அதைக் கவனித்துவிட்டு, “நீங்க நில்லுங்கம்மா” என்றார். இருபத்தாறு விநாடி. தோளில் தொங்கிய பையைக்கூட அந்த அம்மாள் இறக்கி வைக்கவில்லை. ஆதாரம் மேற்கோளுக்காகக் கொண்டுவந்த மூன்று நூல்களும் அதில்தான் இருந்தன.

“எங்கே பழகினீங்க?”

“படத்தைப் பாத்துதான். சாதம் வேகுற நேரத்துல.”

“அதுல அடிக்குறிப்பே கிடையாது டாக்டர்” என்றார் ஆதாரம் வருத்தத்தோடு.

வாக்கர் வந்துவிட்டது. புத்தகங்களுக்கு நடுவே அதை ஓட்ட வழியில்லாததால் சுவரோரம் நிற்கிறது. அவரைவிட நன்றாகவே நிற்கிறது. தினமும் காலையில் மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அது நிற்கும்வரை நான் காப்பி டம்ளரைக் கையில் எடுப்பதில்லை. அவர் இப்போது வாக்கரைப் பற்றி நல்ல நூல் தேடுகிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். அப்படியானால் இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு காலில் நில்லுங்கள், பார்ப்போம்.

எந்தக் கால் என்றா கேட்டீர்கள்?