ஆளு மனசிலாவுதா?

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களில் படுக்கைப் பரீட்சைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். கையில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தொங்க வருவார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே முகத்தில் துக்கத்தை மாட்டிக்கொள்வார். சாகக் கிடப்பவரின் தோளைப் பிடித்து உலுக்கி, காதருகே குனிந்து, அடுத்த தெருவுக்கும் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"ஆளு மனசிலாவுதா?"

நோயாளி கண்ணைத் திறந்து, வந்த ஆளை அடையாளம் தெரிந்து பெயரைச் சொல்லிவிட்டால் பாஸ். யார் பாஸ்? பரீட்சைக்காரர்தான்! "பெத்த மொவளையே தெரியல்ல, என்னைய மட்டும் டக்குன்னு சொல்லிட்டாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

எங்கள் கருங்கல் ஊர்க்காரர் ஆபேல் இந்த இனத்தில் மூத்தவர். அவருடைய அண்ணன் சுந்தர்சிங்குக்கு நுரையீரலில் புற்று. கடைசியில் எந்த மருந்துக்கும் அடங்காமல் மூச்சு முட்டியது; படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து பேசினார். உறங்க வைக்கலாம்; வேதனை அடங்கும் அளவுக்கு மட்டும், மெல்ல மெல்ல. சுந்தர்சிங் தலையாட்டினார். மகள் ஜாஸ்பினிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார், ஒரு ஜெபம் பண்ணச் சொன்னார், "இனி நான் உறங்குதேன் மக்கா" என்றார். மருந்து ஏறியது. நெற்றிச் சுருக்கம் நீங்கி உறங்கினார்.

அப்போதுதான் மஸ்கட்டிலிருந்து ஆபேல் வந்து இறங்கினார். உலுக்கினார். கேள்வியைக் கேட்டார். பதில் இல்லை.

"ஏட்டி ஜாஸ்பின், ஊசியைப் போட்டு அண்ணனைக் கொல்லுதியளா?"

"சத்தம் போடாதீங்க" என்றார் நர்ஸ் கிளாரா. "மூச்சையும் முகத்தையும் பாத்துப் பாத்து அளவாத்தான் குடுக்கோம். அவரைக் கொண்டு போறது நோயி, மருந்தில்ல."

"அப்பம் ஒரு அரை மணிக்கூர் நிறுத்துங்க. என்னைய ஒருக்கா பாத்துட்டு, பெறவு உறங்கட்டும்."

ஜாஸ்பின் அப்பாவின் கையை விடவில்லை. "நிறுத்தினா முழிப்பாவ, சித்தப்பா. உங்களையும் மனசிலாவும். அதுக்கு முன்ன அந்த மூச்சுமுட்டு மனசிலாவும். எழுப்பட்டா?"

ஆயுசில் முதல் தடவையாகக் கேள்வி ஆபேல் பக்கம் திரும்பியிருந்தது. அவர் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து அண்ணனின் பாதத்தை மெதுவாகத் தடவினார். பொய் சொல்வானேன், பக்கத்தில் நின்ற எனக்கும் அப்போது அழுகை வந்தது. சுந்தர்சிங் விழிக்கவேயில்லை, மறுநாள் உறக்கத்திலேயே போனார்.

ஆனால் இனம் மாறுமா? அடக்கத்துக்கு வந்தவர்களிடம் ஆபேல் சொல்லிக்கொண்டிருந்தார்: "என் சத்தம் கேட்டதும் அண்ணன் பெருவிரலை அசைச்சாரு, தெரியுமா?"

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். "ஆனால் நான் போய்க் கூப்பிட்டிருந்தால் சுந்தர்சிங் கண் திறந்திருப்பார்" என்று உங்களுக்குள்ளே ஒரு குரல் கேட்டதே, அதையும் கவனித்தீர்கள்தானே? அடுத்த முறை போகும்போது ஆப்பிளை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுங்கள்; தோளை உலுக்கக் கை மிச்சமிருக்காது.