போக்குவரத்துக் காவலர் ஆடிய ஆட்டம்

"கோபத்தை உடம்பால காட்டுங்க" என்று நடன ஆசிரியை சொன்னதுதான் தாமதம், போக்குவரத்துக் காவலரின் வலது கை தானாக உயர்ந்து, உள்ளங்கை விரிந்து நின்றது. எதிரே சக்கர நாற்காலியில் சுழன்று வந்த இளைஞன் சட்டென்று பிரேக் போட்டான்.

"சார், நான் போலாமா?"

"போப்பா, போ" என்று இடது கையை வீசினார். கெட்டது கதை. அந்தப் பக்கம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடிய மூன்று பேர் தங்களுக்குத்தான் வழி விட்டார் என்று பாய்ந்து வந்து, நாற்காலிக்காரனைச் சுற்றிக் குவிந்தார்கள்.

மனிதர் ஆசைப்பட்டா வந்தார்? போன மாதம் பெரிய நாற்சந்தியிலிருந்து அவரைக் குப்பைக்கிடங்குச் சாலைக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி தினமும் வேலைக்குக் கடந்துபோகும் நாற்சந்தி அது. என்ன ஆச்சு என்று அவள் கேட்டதற்கு, "சும்மாதான்" என்றார். மறுபடி கேட்டாள். அதற்கும் அதே பதில். கல்யாணமான நாளிலிருந்து இந்தச் "சும்மாதான்" ஒன்றையே கேட்டுக் கேட்டு அவளுக்குப் பொறுமை போய்விட்டது. மனசில் இருப்பது வாயில் வராவிட்டால் உடம்பிலாவது வரட்டும், இல்லையென்றால் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லி, எப்பேர்ப்பட்ட உடம்புக்காரரும் ஆடலாம் என்ற இந்தப் பயிற்சிக்கு இழுத்து வந்தாள். சுவரோரம் அவள் உட்கார்ந்திருக்க, கட்டிய பெட்டி பக்கத்திலேயே இருந்தது.

அந்தப் பெட்டி திரும்ப வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதில் காவலர் உறுதியாக இருந்தார்.

அடுத்தது சோகம். வம்பே வேண்டாமென்று கைகளைப் பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். ஆசிரியை பெருமூச்சு விடச் சொன்னார். காவலர் விட்டார், பழக்கதோஷம், விசிலாக வந்தது. கைத்தடியோடு மெல்ல அசைந்து வந்த பார்வையற்ற அம்மாள் அதைக் கேட்டு நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் மோதினார்கள். காது கேளாத தையல்காரருக்கு விசில் எட்டவில்லை. அவர் பாட்டுக்குக் கண்ணை மூடி அழுதபடி வந்து மொத்தக் கூட்டத்தையும் இடித்தார்.

அவ்வளவுதான், காவலருக்குத் தாங்கவில்லை. ஒரு முக்காலியை நடுவில் இழுத்துப் போட்டு ஏறினார். ஒரு கையால் இவர்களை நிறுத்தி, மறு கையால் அவர்களை அழைத்து, இடுப்பை வளைத்து நாற்காலிக்காரனுக்கு வழி காட்டி, விசிலிலேயே அம்மாளைக் கரை சேர்த்தார். நெரிசல் கரைந்து, அறையே தண்ணீர்போல ஓடத் தொடங்கியது. ஆசிரியைக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு அழகா இருந்துச்சு. இதுல என்ன உணர்ச்சி சார் இருக்கு?"

காவலர் மனைவியைப் பார்த்தார். சொல்லத்தான் நினைத்தார்.

"சும்மாதான்" என்றார்.

மனைவி எழுந்து பெட்டியைத் தூக்கினாள். காவலரின் முகத்தில் ஈயாடவில்லை.

அவள் வாசலை எட்டுவதற்குள் தையல்காரர் குறுக்கே வந்து நின்றார். பெரிய நாற்சந்தியைப் பார்த்தபடிதான் அவருடைய கடை. அவர் விரல்கள் படபடவென்று ஓட, கூட வந்திருந்த மகள் அதைப் பேச்சாக்கினாள்.

"இவருக்கா மனசைக் காட்டத் தெரியாதுன்னு அப்பா கேக்குறாரும்மா. நீங்க ரோட்டைத் தாண்டி முடிக்கிறவரைக்கும் பெரிய அதிகாரியோட ஜீப்பையே நிறுத்தி வெச்சாரே, அதுக்குத்தானே இவரைத் தூக்கியடிச்சாங்க?"