நான் செய்த ஒரேயொரு கைது

என் வாழ்நாளில் நான் கைது செய்தது ஒரே ஒருவரைத்தான். அவர் ஒரு பொலிஸ் சார்ஜன். கைது செய்த இடம் அவருடைய சொந்த ஸ்டேஷன். நாள், அவருடைய மகளின் கல்யாண நாள். இத்துடன் நிறுத்திக்கொண்டால் எனக்கு நல்லது. ஆனால் இந்தக் கதையை இரண்டு குடும்பங்களில் ஆளுக்கொரு விதமாகச் சொல்லித் திரிகிறார்கள். அதிலும் என் மனைவி சொல்லும் விதத்தில் நான் அழுகிறேன். ஆகவே சரியான பதிவு ஒன்று இருக்கட்டும்.

யுத்த காலம். கொழும்புத் துறைமுகத்தைக் காப்பதற்கென்று ஊரிலிருந்த பொலிஸ்காரரில் பாதிப்பேரை வெள்ளைக்கார அரசாங்கம் அள்ளிக்கொண்டு போய்விட்டது. ஸ்டேஷன்களில் ஆட்களைவிட உட்காரும் கதிரைகள் அதிகம். அந்தக் கதிரைகளைப் பொதுமக்களைக் கொண்டு நிரப்பலாம் என்று ஏதோவொரு துரைக்கு யோசனை பிறந்தது. கந்தோர் கிளாக்கர்மாரும் வாத்திமாரும் ‘விசேட கான்ஸ்டபிள்’ ஆனோம். கைக்கு ஒரு பட்டி, கழுத்தில் ஒரு விசில், இடுப்பில் ஒரு குண்டாந்தடி.

எனக்கு இருபத்தொரு வயது. வெள்ளவத்தையில் மாமா வீட்டில் தங்கி, கோட்டையில் ஒரு கந்தோரில் வேலை. மற்றவர்கள் அணிநடை பழகியபோது நான் பொலிஸ் சட்டத்தைப் படித்தேன். முழுவதையும். கடைசியில் இருந்த அட்டவணைகளையும். (அந்த வயதில் மற்றவர்கள் காதல் கடிதம் எழுதினார்கள்.) எங்கள் பகுதி ஸ்டேஷனில் என் சட்ட அறிவை இரண்டு மாதம் பொறுத்தார்கள். பிறகு, கொட்டாஞ்சேனைப் பக்கம் ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, அங்கே ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அங்கே ஓர் இன்ஸ்பெக்டர், ஒரு சார்ஜன், நான்கு கான்ஸ்டபிள்கள். ஆட்களை அடைக்க இரண்டு கூடுகள். பிடிக்க ஆள் குறைந்தால் பிடிபடுகிறவர்களும் குறைவார்கள் என்பது நிர்வாக உண்மை. ஆகையால் ஒரு கூடு சும்மா கிடந்தது. அதற்குள் உடுப்பு அலுமாரியை வைத்திருந்தார்கள்.

சார்ஜன் பிலிப்பு மகளின் கல்யாணத்துக்கு லீவு எடுத்துப் போன பிறகுதான் நான் அங்கே வந்தேன். அவர் முகம் எனக்குத் தெரியாது. கல்யாணத்தன்று காலையில் ஸ்டேஷனே மாதா கோயிலுக்குப் புறப்பட்டது. இன்ஸ்பெக்டர் சிங்களவர், தமிழும் நன்றாகக் கதைப்பார்; தம்பியை மட்டும் சிங்களத்தில் ‘மல்லி’ என்பார்.

“மல்லி, ஒன்பது மணிக்குப் பூசை. நாங்க எல்லாரும் போறம். திரும்பி வரும்வரை ஸ்டேஷன் உன்ர பொறுப்பு. என்ன செய்வாய்?”

“சட்டப்படி செய்வன், சேர்.”

“ஐயோ, ஒண்டும் செய்யாதே. சும்மா இருந்தாப் போதும்.”

பொறுப்பை ஒப்படைத்ததாகப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போகச் சொன்னேன். வைத்துவிட்டுத்தான் போனார்.

எட்டு மணிக்குப் பின்கதவு திறந்தது. சாரமும் பெனியனும் அணிந்த ஒரு தடித்த மனிதர், வெறுங்காலோடு உள்ளே வந்தார். ஒரு கன்னம் வழவழவென்று சவரம் செய்திருந்தது. மற்றதில் சவர்க்கார நுரை. என்னைத் திரும்பியும் பார்க்காமல் நேரே கூட்டுக்குள் போய், மடியிலிருந்து திறப்பை எடுத்து அலுமாரியைத் திறந்து, சார்ஜன் உடுப்பொன்றைக் கையில் எடுத்தார்.

பொலிஸ் அல்லாதவர் பொலிஸ் உடுப்பை வைத்திருப்பது குற்றம். (பிரிவின் இலக்கம் இப்போதும் நினைவிருக்கிறது. கேட்டால் சொல்வேன், ஒருவரும் கேட்பதில்லை.) நான் எழுந்து போய்க் கூட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினேன்.

“ஏய்! என்ன விளையாட்டு இது?”

“உம்மைக் கைது செய்திருக்கிறன். பேரைச் சொல்லும்.”

“பிலிப்பு சார்ஜனடா நான்! பாபர் முகத்தைப் பாதி வழிச்சுக்கொண்டிருக்கேக்கதான் உடுப்பை மறந்தது ஞாபகம் வந்திச்சு. மகள், ‘யூனிபோர்மோடதான் என்னைக் கூட்டிக்கொண்டு போகோணும் டடா’ எண்டு சொல்லிப்போட்டாள். திற மல்லி, நேரமாகுது!”

என் மூளை மிகவும் தெளிவாக வேலை செய்தது. அதுதான் அன்றைய துரதிர்ஷ்டம். “சார்ஜனுக்கு இண்டைக்கு மகளின்ர கல்யாணம். அவர் அங்கை நிப்பார். நீர் இங்கை நிக்கிறீர். ஆகவே நீர் சார்ஜன் இல்லை.”

அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. முதலில் வந்தவர் முன்கடை ஹமீது நானா.

“என்ன தம்பி செஞ்சீங்க! இது நம்ம சார்ஜன். லாம்பு இல்லாம சைக்கிள் ஓடினதுக்கு என்னை மூணு தரம் புடிச்ச ஆளு!”

அடுத்து மீன்கூடையோடு செபமாலை அக்கா. “என்ர தராசைப் பறிச்சுக்கொண்டு போன மனுசன். இந்த மூஞ்சி எனக்குத் தெரியாதோ? பாவம், விடு ராசா. பொம்பிளைப் பிள்ளையின்ர காரியம்.”

இன்னும் ஆறேழு பேர் சாட்சி சொன்னார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் அவரிடம் பிடிபட்டவர்கள். குற்றம் செய்தவர்களின் சாட்சியை எச்சரிக்கையோடு ஏற்க வேண்டும் என்று நான் படித்திருந்தேன். மிகுந்த எச்சரிக்கையோடு அவர்களை வெளியே போகச் சொன்னேன்.

ஹமீது நானா கடையைப் பலகை போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்கு ஓடினார்.

கைதிக்கு உணவும் நீரும் கொடுக்க வேண்டும் என்பது விதி. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன்.

“கொண்டு போ அங்கால! நன்மை வாங்கோணும். பூசை முடியும்வரை பச்சைத்தண்ணியும் குடிக்கேலாது!”

நன்மை என்றால் நற்கருணை, அதை வாங்கும்வரை ஒன்றும் உண்ணக் கூடாது; வெள்ளவத்தைச் சைவப் பையனுக்கு இது என்ன தெரியும்? ‘கைதி உண்ணாவிரதம் தொடங்கியுள்ளார்’ என்று புத்தகத்தில் எழுதினேன். திரும்பிப் பார்த்தால், மனிதர் கூட்டுக்குள்ளேயே முழு உடுப்பையும் அணிந்து, பெல்ட்டை இறுக்கி, தொப்பியும் வைத்து நின்றார். நேரத்தை மிச்சப்படுத்தினாராம். நான் இரண்டாவது குற்றத்தையும் பதிந்தேன்.

ஒன்பது மணி அடித்தது. கோயில் மணியும் கேட்டது. அவர் சத்தம் போடுவதை நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தார்.

“தாயில்லாத பிள்ளை, மல்லி,” என்றார் மெதுவாக. “தனியா நடந்து போயிடுவாளோ தெரியாது.”

பொய் சொல்கிறவன் இப்படிச் சொல்லமாட்டான் என்று சட்டத்தில் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்துவிட்டது. திறப்பு என் கையில்தான் இருந்தது. திறக்கும் துணிவு இருக்கவில்லை.

அவள் தனியாக நடக்கவில்லை. நேரே ஸ்டேஷனுக்கு வந்தாள். வெள்ளை உடுப்பு, தலையில் வலை, கையில் பூச்செண்டு. பின்னால் இன்ஸ்பெக்டர், மாப்பிள்ளை, நான்கு கான்ஸ்டபிள்கள், மூச்சிரைக்க ஹமீது நானா.

“டடா!” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். “மற்றப் பக்கம் ஏன் வழிக்கயில்லை?”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் பதிய முடியாது. “திற.”

“சேர்... பதிஞ்சிட்டன்.”

“எத்தனை வரி?”

“மூண்டு பக்கம், சேர்.”

“கிழிச்சு எறி!”

“பக்கங்களுக்கு இலக்கம் இருக்கு, சேர்.”

அவர் தலையில் கை வைத்தார். அந்த நேரத்தில் கூட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. “பெடியன் சொல்றது சரி, சேர். பதிஞ்சா அழிக்கேலாது. பிணையிலதான் விடோணும்.” சொன்னவர் கைதி. முப்பது வருடச் சேவை அப்படித்தான் பேசும். இன்றுவரை சட்ட விஷயத்தில் என் பக்கம் நின்ற ஒரே மனிதர் அவர்தான்.

“ஆர் பிணை நிக்கிறது?” என்றார் இன்ஸ்பெக்டர். “எங்களில ஒருத்தரும் நிக்கேலாது. நாங்க பொலிஸ்.”

“நான் நிக்கிறன்,” என்றாள் மணப்பெண் திரேசா. கையுறையைக் கழற்றினாள். பூச்செண்டை என்னிடம் தந்தாள். அழைக்கும்போது இந்த ஆளை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்துவேன் என்று நான் எழுதியதன் கீழே கையெழுத்து வைத்தாள். அன்று அவள் வைத்த முதல் கையெழுத்து அது. கல்யாணப் பதிவில் வைத்தது இரண்டாவது. பாதிச் சவரத்தோடு, தொப்பி நேராக, தகப்பன் அவளைக் கோயிலுக்குள் கூட்டிக்கொண்டு போனாராம். நான் பார்க்கவில்லை. ஸ்டேஷனை விட்டு நகர எனக்கு அனுமதி இல்லை. (அழவும் இல்லை. கண்ணில் தூசி.)

மறுநாளே என்னை வெள்ளவத்தைக்குத் திருப்பி அனுப்பினார்கள். இன்ஸ்பெக்டர் எழுதிக் கொடுத்த குறிப்பு சுருக்கமானது: ‘சட்டம் நன்கு அறிந்தவர். தனியாக விடக் கூடாது.’ பின்னாளில் அரசாங்க சேவையில் எனக்குக் கிடைத்த நற்சான்றுகள் எதுவும் இவ்வளவு சரியாக இருந்ததில்லை.

வழக்கை ஒருவரும் கூப்பிடவில்லை. ஆனால் பிலிப்பு சார்ஜன் கொழும்பை விட்டு எங்கே போவதென்றாலும் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நிற்பார். “மடுக் கோயிலுக்குப் போறன் மல்லி. கோர்ட் கேட்டா, சனிக்கிழமை வந்திடுவன் எண்டு சொல்லு.” அவர்கள் வீட்டில் எந்தக் கல்யாணமென்றாலும் முதல் அழைப்பு எனக்கு, இடம் முன்வரிசையில். அன்பு என்று நினைத்திருந்தேன். என்னைக் கண்ணெதிரே வைத்திருந்தால்தான் பெண்ணின் தகப்பனுக்குப் பாதுகாப்பு என்று திரேசாவின் புருஷன் பின்னர் விளக்கினார்.

சார்ஜன் முதிர்ந்த வயதில்தான் போனார். அடக்கம் முடிந்ததும் திரேசா என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“என்ர பிணை இண்டையோட முடிஞ்சுதா, அண்ணா?”

“ஓம் தங்கச்சி. ஆள் இறந்தால் பிணை தானாகவே ரத்தாகும். அதுதான் சட்டம்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நீங்க அதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதீங்க,” என்றாள். “அது அப்பிடியே இருக்கட்டும்.”