ஓட்டுநரின் சதவீதம்

“நாற்பதா? காலையில பன்னிரண்டுதானே இருந்துச்சு!” என்று அலறினாள் மனைவி.

பேருந்து ஓட்டுநர் கைப்பேசியைப் பார்த்தார். நாற்பதேதான்.

தாளம் தப்பித் துடித்த அவர் இதயத்தை, ரத்தக்குழாய் வழியே கம்பி விட்டுச் சரிசெய்து அனுப்பியிருந்தார்கள். கோளாறு திரும்ப வருமா என்று முன்கூட்டியே சொல்ல மணிக்கட்டில் ஒரு பட்டை. எப்படிக் கட்டுவது என்று டாக்டரே தன் கையில் ஒன்றைக் கட்டிக்காட்டினார். திரும்ப வர எத்தனை சதவீதம் வாய்ப்பு என்பது இணையம் வழியே கைப்பேசியில் தெரியும். இருபதுக்குள் நின்றால்தான் மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம். வண்டி ஓட்டாமல் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

“காலையில நீ என்ன பண்ணே?”

“பன்னிரண்டைப் பாத்ததும் சந்தோஷம் தாங்கல. டாக்டருக்குப் போன் போட்டு நன்றி சொன்னேன். ஒரு அரை மணி நேரம்.”

“ஏறிடுச்சுன்னும் சொல்லிடு.”

சொன்னாள். பேசி முடிப்பதற்குள் ஐம்பத்தைந்து.

ஓட்டுநரைக் கட்டிலில் மல்லாத்தினாள். தொலைக்காட்சியை அணைத்தாள். மின்விசிறி சத்தம்கூட ஆகாது என்று அதையும் நிறுத்தினாள். மனுஷன் வியர்த்துக் கொட்டினார். எண் மெல்ல ஐம்பதுக்கு இறங்கியது.

“இறங்குது! டாக்டர்கிட்ட சொல்லணுமே!”

அறுபத்திரண்டு.

அதற்குள் மச்சான் வந்து சேர்ந்தான். எதிலாவது மூக்கை நுழைக்காவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. “தள்ளுக்கா, கேக்கற விதத்துல நான் கேக்கறேன்” என்று போனைப் பிடுங்கினான். “டாக்டர், எங்க மாமாவுக்கு ஏதாவது ஆச்சு, நடக்கறதே வேற!”

எழுபத்தெட்டு.

“கத்தாதேடா, மாமா பயப்படறார்!”

“நான் பயப்படல. எனக்குப் பசிக்குது” என்றார் ஓட்டுநர்.

“பாத்தியாக்கா? மூளைக்கு ஏறிடுச்சு.”

ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினார்கள். மருத்துவமனை வாசலில் கிடைத்த ஒரு சக்கர நாற்காலியில் அவரை உட்காரவைத்தார்கள். மூவரும் டாக்டர் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் டாக்டர் பாதி எழுந்து, பாதியிலேயே நின்றார். கைப்பேசி வீறிட்டது. தொண்ணூற்றாறு.

மனைவி ஒப்பாரி வைத்தாள். மச்சான் மேசையைக் குத்தினான். தொண்ணூற்றொன்பது. இனிமேல் இந்த ஜென்மத்தில் பேருந்து இல்லை என்று ஓட்டுநருக்குக் கண் கலங்கியது.

பக்கத்தில் நின்ற நர்ஸ் கைப்பேசியைப் பார்த்தாள். ஓட்டுநரைப் பார்த்தாள். அவரை எழுப்பிவிட்டு, சக்கர நாற்காலியை மேசைக்கு அந்தப் பக்கம் தள்ளினாள்.

“உக்காருங்க டாக்டர். அன்னைக்கு நீங்க கட்டிக்காட்டின பட்டையைத்தான் இவங்க போன்ல சேர்த்திருக்கோம், நீங்க அதை இன்னும் கழட்டவே இல்ல.”