ராஜாவின் மூக்கு குறித்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் டப்பாக்கள் நலம், உங்கள் மாமியார் நலம், நானும் நலம். நீங்கள் வழக்கமாக விசாரிக்கும் வரிசையிலேயே சொல்லியிருக்கிறேன். அங்கே நீங்களும் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடியும், ஏனென்றால் போன ஞாயிற்றுக்கிழமை உங்களிடமிருந்து போன் வரவில்லை. அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. மத்தியானம் நன்றாகத் தூங்கினோம்.

போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் மாமியார் அதைப் பிடுங்கிக்கொள்வாள். வீடியோவிலோ நீங்கள் என் முகத்தை முழுதாகப் பார்த்ததே கிடையாது. "மாமா, கொஞ்சம் தள்ளுங்க, அலமாரியில ரெண்டாவது தட்டு மறைக்குது" என்பீர்கள். கடிதத்தைத் தள்ளச் சொல்ல முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நீங்கள் மாற்றலாகிப் போனபோது, "மாமா, என் கலெக்‌ஷன் கொஞ்சம் இருக்கு, உங்க சின்ன ரூம்ல வெச்சிட்டுப் போகட்டுமா" என்று கேட்டீர்கள். மாப்பிள்ளை முதன்முதலாக வாய்விட்டு ஒன்று கேட்கிறாரே என்று நானும் தலையாட்டினேன். கொஞ்சம் என்றால் கொஞ்சமாகத்தான் இருக்கும் என்று நினைத்தது என் புத்தி. அட்டைப்பெட்டிகள் வந்து இறங்க இறங்க, அந்த அறையில் இருந்த என் கட்டில் கூடத்துக்கு வந்து சேர்ந்தது. உள்ளே என்னவென்று பார்த்தால் சினிமா டிஸ்க் வைக்கிற தகர டப்பா. அத்தனையும் தகர டப்பா. ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு கண்ணாடித்தாள் உறை, அந்த உறைக்கு மேலே இன்னோர் உறை. "லிமிடெட் எடிஷன் மாமா, கொஞ்சம்தான் போட்டாங்க" என்றீர்கள். கொஞ்சம்தான் போட்டிருக்கிறார்கள், போட்டதெல்லாம் என் வீட்டுக்கு வந்துவிட்டது. படுக்க வைக்கக் கூடாது, நிற்க வைக்க வேண்டும்; நெருக்கி நிற்க வைக்கக் கூடாது, ஒன்றின் தோள் இன்னொன்றில் உரசும்; வெயில் படக் கூடாது, ஈரம் ஆகாது, விரல் ரேகை ஆகவே ஆகாது. என் மகளை உங்கள் கையில் பிடித்துக் கொடுத்தபோது நான் இதில் பாதி நிபந்தனைகூடப் போடவில்லை. அறைக்கு ஏசி மாட்டச் சொன்னீர்கள், மாட்டினோம். புழுக்கம் தாங்காத நாட்களில் நானும் உங்கள் மாமியாரும் டப்பாக்களின் அனுமதியோடு அங்கே போய் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறோம். ஒரு நாள் அவள், "இத்தனை படம் இருக்கே, ஒண்ணாவது போட்டுப் பாக்கலாமா" என்று கேட்டதற்கு, "ஐயோ அத்தை, அது பாக்கறதுக்கு இல்ல, வெச்சுக்கறதுக்கு" என்று பதறினீர்கள். ஒரே ராஜா படம் நாலு டப்பாவில் இருக்கிறதே என்று நான் கேட்டதற்கு, நாலும் வேறு வேறு என்றீர்கள். நாலிலும் அதே ராஜா, அதே கிரீடம், அதே முறைப்பு. ஒன்றில் பின்னால் நீலம், ஒன்றில் கறுப்பு, அவ்வளவுதான். கல்யாண விஷயத்தில் மட்டும் ஒன்றே போதும் என்று நிறுத்திக்கொண்டீர்களே, அதற்கு நன்றி.

ஒன்றை மட்டும் சொல்லத்தான் வேண்டும். டப்பாக்கள் வருவதற்கு முன்னால் உங்கள் போன் எப்போது வரும் என்று ஜோசியம்தான் கேட்க வேண்டும். வந்தாலும் மகள் அவசரமாக நாலு வார்த்தை பேசுவாள். நீங்கள் பின்னால் பனியனோடு குறுக்கே நடந்து போவீர்கள். நமக்குள் நடந்த உரையாடல் அவ்வளவுதான். டப்பாக்கள் வந்தன, ஞாயிறு தவறாமல் போனும் வந்தது. உங்கள் மாமியார் அன்றைக்கு மட்டும் தலையைப் பின்னிக்கொண்டு, அலமாரி பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். எந்தக் கோணத்தில் உட்கார்ந்தால் டப்பாவோடு தானும் தெரிவோம் என்று கண்டுபிடித்து வைத்திருக்கிறாள். நீங்கள் தட்டுத் தட்டாகப் பார்த்து முடிப்பதற்குள் அவள் மகளைப் பார்த்து, இளைத்துவிட்டாய் என்று சொல்லி, பதிலும் வாங்கிவிடுவாள்.

இப்போது ராஜா விஷயத்துக்கு வருகிறேன். டப்பாக்களுக்கு மதிப்புப் போட நீங்கள் அனுப்பிவைத்த அந்தக் கையுறைக்காரர் எல்லாவற்றையும் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் சொன்னது அவருடைய நியாயம். என் பக்கத்தையும் கேளுங்கள். மாடிவீட்டுக் குழாய் கசிந்து சின்ன அறைச் சுவரில் ஈரம் இறங்கியது. ஈரம் என்றால் எமன் என்று நீங்கள் சொல்லிச் சொல்லி எங்களைப் பயமுறுத்தி வைத்திருந்தீர்கள் அல்லவா, ஓடிப்போய்ச் சுவரோரம் இருந்த டப்பாக்களை நகர்த்தினேன். அப்போது நீல ராஜா என் கட்டைவிரலில் தட்டுப்பட்டார். முகமெல்லாம் மேடு. கிரீடத்தில் மேடு, புருவத்தில் மேடு, மூக்கு இருக்கிற இடத்தில் ஒரு குன்றே இருந்தது. நான் என்ன வேலை பார்த்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயுள் முழுக்கப் பட்டறையில் வண்டிகளுக்கு ஒடுக்கு எடுத்தவன். மரத்தில் மோதிய வண்டி, மதிலில் உரசிய வண்டி, மாமனார் வீட்டில் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது வாசல் தூணிலேயே ஏற்றிய வண்டி, எல்லாம் என் கைக்கு வந்து வழவழவென்று திரும்பிப் போயிருக்கின்றன. கண் ஏமாறும், கட்டைவிரல் ஏமாறாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். தகரம் ஈரத்தில் வீங்கிவிட்டது என்று கட்டைவிரல் சொன்னது. மாப்பிள்ளை ஆசை ஆசையாய் வைத்த பொருளாயிற்றே, பார்த்தால் மனசு விட்டுவிடுவாரே என்று உடனே வேலையில் இறங்கினேன். உறைகளைப் பிரித்தேன். டிஸ்க்கை எடுத்துப் பத்திரமாக வைத்தேன். பரணில் கிடந்த என் கொட்டாப்புளியை, அதுதான் அந்த மரச்சுத்தியலை, இறக்கினேன். கீழே இழைத்த பலகை, மேலே மெத்தென்ற துணி. அடித்தேன் என்று சொல்ல மாட்டேன், தடவிக்கொடுத்தேன் என்றுதான் சொல்வேன். மத்தியானம் பூராவும் அதே வேலை. வர்ணத்தில் ஒரு கீறல் விழவில்லை. சாயங்காலம் பார்த்தால் ராஜா சாப்பாட்டு மேஜை மாதிரி சமமாக இருந்தார். வேலையை விட்டு நின்ற பிறகு அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கியதில்லை.

அதற்கடுத்த வாரம்தான் கையுறைக்காரர் வந்தார். வெள்ளைக் கையுறை, சின்ன டார்ச், நோயாளி பக்கத்தில் பேசுகிற குரல். உங்கள் மாமியார் காபி கொண்டுவந்தாள். "இந்த ரூமுக்குள்ள திரவமே வரக் கூடாதும்மா" என்று சொல்லிவிட்டார். அவள் கோப்பையோடு நிலைப்படியிலேயே நின்றாள். அவர் ஒவ்வொரு டப்பாவாகச் சாய்த்துச் சாய்த்து வெளிச்சம் அடித்து, இது புத்தம் புதுசு, இது புதுசுக்குக் கிட்டத்தில், இதற்கு விளிம்பில் ஒரு மயிரிழைக் கோடு என்று போனில் பதிந்துகொண்டே போனார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாமல், "என்னைப் பாத்தா என்ன கிரேடு போடுவீங்க" என்று கேட்டேன். மனுஷன் சிரிக்கவில்லை. டார்ச்சை என் பக்கம் திருப்பி மேலும் கீழும் பார்த்தார்.

"மூலையெல்லாம் அடி வாங்கியிருக்கு. முதுகு வளைஞ்சிருக்கு. பளபளப்பு போயிடுச்சு. சுமார் சார்."

உங்கள் மாமியார் சிரித்த சிரிப்பில் காபி முழுக்க நிலைப்படியில் கொட்டியது. அப்புறம் அவர் நீல ராஜாவை எடுத்தார். விரலை வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"மூக்கு எங்க சார்?"

"எந்த மூக்கு?"

"ராஜாவோட மூக்கு."

"படத்துல இருக்கே, பாருங்க."

"இருந்தா போதாது சார். நிக்கணும்."

"நின்னுச்சு. வீக்கம். நான்தான் இறக்கினேன்" என்றேன், அறுவை முடித்து வெளியே வந்த டாக்டர் மாதிரி. அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அது வீக்கம் இல்லையாம், எம்பாஸாம், வேண்டுமென்றே எழுப்பின வேலைப்பாடாம், அந்த மூக்குக்காகவே இந்த டப்பாவை ஊர் ஊராகத் தேடுகிறார்களாம். மற்ற மூன்று ராஜாக்களையும் இறக்கி என் கட்டைவிரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். மூன்றிலும் மூக்கு நின்றது.

"மூணும் ஒண்ணா வீங்குமா சார்?"

"ஈரம் பரவுமில்ல" என்றேன்.

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம்" என்று நிலைப்படியிலிருந்து குரல் வந்தது. இந்த வீட்டில் டப்பாக்கள் இருப்பது பாதுகாப்பில்லை, ஏசி கிடங்குக்கு மாற்ற வண்டி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். போகிறவர் வாசலில் நின்று, மனசு கேட்காமல் திரும்பி வந்து நீல ராஜாவை இன்னொரு முறை தடவினார். "ஆனா ஒண்ணு சார். மூக்கு இருந்த தடமே தெரியல" என்றார். அவர் திட்டாகத்தான் சொன்னார், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, இறக்கத் தெரிந்தவனுக்கு ஏற்றத் தெரியாதா என்று மறுநாளே உள்பக்கமிருந்து தட்டி மூக்கை எழுப்பப் பார்த்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. மூக்கு வந்தது, ஆனால் ராஜாவின் மூக்கு வரவில்லை. உங்கள் மாமியார் பார்த்துவிட்டு, "எங்க அண்ணன் மாதிரியே இருக்கு" என்று கண் கலங்கினாள். அவள் அண்ணனை நேரில் பார்த்தால் எனக்கும் கண் கலங்கும், அதற்குக் காரணம் வேறு. ஆகவே அதையும் தட்டிச் சமமாக்கிவிட்டேன். இப்போது ராஜா எப்படி இருந்தாரோ அப்படியே இருக்கிறார், முகம் மட்டும் கொஞ்சம் தட்டை.

ஆக, நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். அதனால்தான் போன் வரவில்லை என்பது புரியாத அளவுக்கு நாங்கள் மக்குகள் இல்லை. ராஜாவுக்காக வருத்தப்படுகிறேன். நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன் என்பதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். வண்டி தாராளமாக வரட்டும், ஒரு டப்பா விடாமல் ஏற்றிக்கொண்டு போகட்டும். என் கட்டில் அதன் இடத்துக்குப் போகும். ஏசியின் கீழே காலை நீட்டிக்கொண்டு காபி குடிப்பேன், திரவம் ஏன் உள்ளே வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். தகரத்துக்குக் காவல் காத்தது போதும். கொட்டாப்புளியையும் இனி தொடுவதில்லை என்று உங்கள் மாமியாருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

மகளை வேளைக்குச் சாப்பிடச் சொல்லவும். நீங்கள் இருவரும் பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழவும், அந்தப் பதினாறில் ஒன்றுகூடத் தகரமாக இல்லாமல் இருக்கவும் மனதார ஆசீர்வதிக்கிறேன்.

இப்படிக்கு,
கிரேடு சுமாரான உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது வண்டி வந்துவிட்டது. கம்பளியும் கயிறுமாக இரண்டு பேர் சின்ன அறைக்குள் போனார்கள். உங்கள் மாமியார் தலையைப் பின்னிக்கொண்டு அலமாரி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைகூட இல்லை. "கொஞ்சம் எழுந்திருங்கம்மா, தட்டைக் கழட்டணும்" என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். மேலே, மத்தியானம் நன்றாகத் தூங்கினோம் என்று எழுதியிருப்பது பொய். போன ஞாயிறு முழுக்க அவள் அந்த நாற்காலியை விட்டு நகரவில்லை. நான் போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், இருந்தது. வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளவும். டப்பாக்கள் இங்கேயே இருக்கும். என் கட்டிலுக்குக் கூடமே போதும், நல்ல காற்று வருகிறது. மற்ற மூன்று ராஜாக்களின் மூக்கும் இதை எழுதுகிற வரைக்கும் நன்றாக நிற்கிறது. கொட்டாப்புளியை இன்னும் பரணில் ஏற்றவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போன் செய்யவும்.