துண்டுக்குள் கொடுத்த கை

எங்கள் வீட்டில் என்னைக் கடைக்கு அனுப்புவதில்லை. கத்தரிக்காய் வாங்கக்கூட. பேரம் பேச வேண்டிய இடம் எதுவானாலும் எனக்குச் செருப்புக் காவல்தான். கல்யாணத்துக்கு முன்பே பெண் வீட்டாரிடம் இந்தத் தகவல் சொல்லப்பட்டுவிட்டது (குறையை மறைத்து மாட்டைக்கூட விற்கக் கூடாது என்பது எங்கள் மாமாவின் கொள்கை). இத்தனைக்கும் காரணம் ஒரு கம்ப்யூட்டர்.

எண்பதுகளின் கடைசி. அரியலூரில் பி.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தேன். முடித்தேன் என்பதைவிட, கல்லூரியும் நானும் ஒருவரையொருவர் மன்னித்துப் பிரிந்தோம் என்பதே சரி. குன்னத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பாவுக்கு வெங்காயமும் பருத்தியும்; மழை பெய்தால் விவசாயி, பெய்யாவிட்டால் வேதாந்தி. ஆகவே குடும்பத்தின் பெரிய முடிவுகளை எல்லாம் அம்மாவின் தம்பிதான் எடுப்பார். மாமா மாட்டுத் தரகர். எங்கள் உழவு மாடுகள், பம்புசெட் மோட்டார், என் அக்காவுக்கு மாப்பிள்ளை எல்லாமே அவர் பார்த்து எடுத்தவை. அதில் இதுவரை மோட்டார்தான் பழுதாகியிருக்கிறது.

அப்படிப்பட்டவர் ஒருநாள் என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏன்க்கா, இவன் வூட்டுல குந்திக்கிட்டு எத்தினி நாளைக்குப் பேப்பரு படிப்பான்? எங்கூடச் சந்தைக்கு வரட்டும். இங்கிலீஷ் தெரிஞ்ச தரகன் இந்தச் சுத்துவட்டாரத்துல ஒருத்தன் இல்ல."

"மாட்டுக்கு எதுக்கு மாமா இங்கிலீஷ்?"

"மாட்டுக்கு இல்ல மாப்ள. வாங்க வர்றவனுக்கு."

மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்ப்பதற்கென்றே பிறந்தவன் என்று என்னைப் பற்றி நான் முடிவு செய்து வைத்திருந்தேன். மாட்டுக்கு நான் பயப்படுவேன் என்பதும் உண்மை (மாடுகளுக்கு அது தெரியும்). அந்த அவசரத்தில், பேப்பரில் பார்த்த விளம்பரத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்று மாதக் கம்ப்யூட்டர் படிப்பு. முடித்தவுடன் வேலை.

"கம்ப்யூட்டருன்னா என்னடா பண்ணும்?" என்றார் அப்பா.

"எல்லாக் கணக்கையும் அதுவே போட்டுரும்ப்பா."

"அப்ப நீ எதுக்கு?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை எவரும் சரியான பதில் சொல்லவில்லை.

மாமா தீர்ப்புச் சொன்னார். "நான் வந்து பாக்குறேன். சரியா இருந்தாச் சேந்துக்க. இல்லன்னா திங்கக்கிழம சந்தைக்குக் கெளம்பு."

முதலில் அரியலூரில் ஒரு பயிற்சி நிலையம். எனக்கு அந்த இடத்தைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பெயர்ப் பலகையில் 'இன்டர்நேஷனல்' என்று இருந்தது; நாற்காலி சுற்றியது; வரவேற்பில் இருந்த பெண் என்னை 'சார்' என்றாள். ஒரு படிப்பைத் தேர்ந்தெடுக்க வேறென்ன வேண்டும்? கம்ப்யூட்டர் தனி அறையில், பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது.

"துணிய எடுங்க, மொகத்தப் பாக்கணும்" என்றார் மாமா.

"தூசி படக் கூடாதுங்க. வாத்தியார் ஞாயித்துக்கிழமை திருச்சிலேருந்து வருவாரு. அன்னிக்குத்தான் தொறப்போம்."

மாமா திரும்பி நடந்துவிட்டார். நான் அந்தச் சுழல் நாற்காலியைப் பிரிய மனமில்லாமல் பின்னால் போனேன். "வா மாப்ள. போர்வை போத்தி நிக்கிற மாட்ட எவன் வாங்குவான்?"

மிச்சம் இருந்தது பெரம்பலூரில் ஒன்றுதான். அதுவும் தவறினால் திங்கட்கிழமை.

பஸ்ஸில் உட்கார்ந்து மாமாவைத் திருத்த ஆரம்பித்தேன். அங்கே பேசக் கூடாது. வெற்றிலை கூடாது. முக்கியமாக, தோளில் அந்தத் துண்டு கூடாது.

மாமாவின் துண்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தரகர் கைமேல் துண்டைப் போடுவார். துண்டுக்குள்ளே இரண்டு கைகள் பேசிக்கொள்ளும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை நூறு, அல்லது அத்தனை ஆயிரம். எதிராளி 'சரி' என்றுவிட்டால் முடிந்தது. துண்டுக்குள் கொடுத்த கையைத் திரும்ப வாங்கியவன் அதற்கப்புறம் சந்தையில் தலைகாட்ட முடியாது. மாமா தன் வாழ்நாளில் பத்திரம் எதையும் நம்பியதில்லை. துண்டை நம்பினார்.

அதைத்தான் நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கி, மடித்து, என் வலது கையில் போட்டுக்கொண்டேன்.

பயிற்சி நிலையம் உரக்கடைக்கு மாடியில் இருந்தது. வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். மாமா கழற்றிவிட்டு, பழக்க தோஷத்தில் கும்பிட்டும் விட்டார். சுவரில் போர்டு: கட்டணம் நானூறு ரூபாய். டைரக்டர் இளைஞர், டை கட்டியிருந்தார். என்னைக் கேள்வி கேட்டார்.

"ஒய் கம்ப்யூட்டர்?"

"கம்ப்யூட்டர் இஸ் த ஃபியூச்சர் சார்." பஸ்ஸில் மனப்பாடம் செய்தது.

"இதுக்கு முன்னாடி கம்ப்யூட்டர் பாத்திருக்கீங்களா?"

"போர்வையோட பாத்திருக்கேன் சார்."

மாமாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "தம்பி, இது வாங்கி எத்தினி வருசமாச்சு?"

"ரெண்டுங்க."

"கை மாறி வந்துதா?"

"இல்லீங்க. மொதக் கையே நாங்கதான்."

"ஓட்டிக் காட்டுவீங்களா?"

"தாராளமா." டைரக்டர் சுவிட்சைப் போட்டார். திரையில் பச்சை எழுத்துகள் வந்தன. மாமா குனிந்து, பக்கவாட்டில் போய், பின்புறத்தையும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நான் அவமானத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டை கட்டிய ஒருவர் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் சிரிக்காமல் பதில் சொல்கிறாரே என்று அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பி.எஸ்ஸி.

"ஓகே. செலக்டட்" என்று டைரக்டர் எழுந்து கையை நீட்டினார்.

அதுவரை என்னிடம் எவரும் கை நீட்டியதில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் வெல்வது எப்படி என்று ஒரு புத்தகம் படித்திருந்தேன். தளர்வாகக் கை கொடுப்பவன் கோழை, இறுகப் பற்றுபவன் தலைவன் என்று அதில் போட்டிருந்தது. பாய்ந்து கையை நீட்டினேன். கையில் இருந்த துண்டு சரிந்து எங்கள் இரண்டு கைகளையும் மூடியது. அதற்குள்ளே, அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்து, ஒரு தலைவனைப் போல இறுகப் பிடித்தேன்.

டைரக்டரின் முகம் மாறியது. துண்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு, கனவில் பேசுகிறவர் மாதிரி, "சரி" என்றார்.

"தேங்க்யூ சார்!" என்றேன்.

பின்னால் மாமா கண்ணை மூடிக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார்.

"எத்தினி புடிச்ச?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கை குலுக்குனேன் மாமா."

"அஞ்சு புடிச்சிருக்க."

டைரக்டருக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா மணப்பாறைச் சந்தைக்குப் போறவரு. சின்ன வயசுலேருந்து பாத்த பழக்கம், துண்டப் பாத்ததும் வாயில வந்துருச்சு. போர்டுல உள்ள நானூறு குடுத்தாப் போதும்."

"அது எப்படிங்க தம்பி?" என்றார் மாமா. "புடிச்ச கை புடிச்சதுதான். நீங்க சரின்னுட்டீங்க."

"அவருக்குத் தெரியாதுங்களே."

"தெரியாம வெல சொல்ற பய எங்க குடும்பத்துல இல்லன்னு இம்புட்டு நாளா நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அதன்பின் அரை மணி நேரம் நடந்தது, பேரம் என்ற கலையின் வரலாற்றிலேயே புதுமை. விற்பவர் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார். வாங்குபவர் முடியவே முடியாது என்றார். நடுவில் நான், "மாமா, நானூறே..." என்று வாயைத் திறந்தேன். இருவரும் ஒரே பார்வையில் என்னை உட்கார வைத்தார்கள். கடைசியில் ஐந்நூறு கைமாறியது. அதற்கு ஈடாக, கம்ப்யூட்டருக்கு நேர் எதிர் நாற்காலி எனக்கு என்று டைரக்டர் வாக்குக் கொடுத்தார். (அது சுற்றாது.)

ஊர் திரும்பினோம். வீட்டு வாசலில் அம்மா கேட்டாள். "சேந்துட்டானாடா? இல்ல, சந்தைக்கா?"

"சந்தைக்கா? இவனையா?" மாமா செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "அவன் நாலு கேக்குறான்க்கா, இவன் அஞ்சு தர்றேங்குறான். இவனக் கூட்டிக்கிட்டுப் போனா நான் விக்கக் கொண்டுபோற மாட்ட நானே காசு குடுத்து வாங்கிட்டு வரணும். படிச்சுத் தொலையட்டும்."

இப்படியாகத்தான் நான் கம்ப்யூட்டர் துறைக்குள் நுழைந்தேன். மூன்று மாதமும் பெரும்பாலும் கரண்டு இல்லை. காகிதத்தில் புரோகிராம் எழுதி, அது ஓடியதாக நாங்களே நம்பிக்கொண்டோம். ஆனாலும் அந்தச் சான்றிதழ் எனக்கு மின்விசிறிக்குக் கீழே ஒரு வேலை வாங்கிக் கொடுத்தது. சந்தைக்கு நான் போகவே இல்லை. நாலைக் கேட்டால் அஞ்சைக் கொடுப்பவன் என்ற பட்டம் மட்டும் சந்தை முழுக்கப் போய்ச் சேர்ந்தது.

போன மாதம் என் மகள் கோடிங் படிப்பு ஒன்றில் சேரப்போவதாகச் சொன்னாள். இதுவும் மூன்று மாதம்தான். செல்போனிலேயே தேர்வு, செல்போனிலேயே சேர்க்கை. அனுபவசாலி என்ற முறையில், அந்த நிறுவனத்தாரிடம் நானே ஒரு வார்த்தை பேசுகிறேன் என்றேன்.

"அப்பா, ஃபீஸ் பத்தி மட்டும் பேசிடாதீங்க."

"வீடியோவுலதானேம்மா பேசப்போறேன்? அவன் எங்கியோ பெங்களூர்ல இருக்கான்."

சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

"எதுக்கும் கையப் பின்னால கட்டிக்கிட்டுப் பேசச் சொல்லுடி."